வர வேண்டியது, தர வேண்டியது

நான் செய்வது கணக்கு வேலை. ஆடிட்டர் இல்லை. ஆடிட்டரிடம் போகும் முன் பில்களை அடுக்கி, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்பார்த்து, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டு, லோன் கேட்பவர்களுக்குக் காகிதம் தயார் செய்து தருபவன். பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில், பாரிவாக்கத்தைச் சுற்றியுள்ள லேத் பட்டறைகள், வெல்டிங் ஷெட்டுகள், தையல் யூனிட்டுகள், மளிகைக் கடைகள், டிபன் கடைகள், டாடா ஏஸ் வண்டிக்காரர்கள் எல்லாம் என் வாடிக்கையாளர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் திருமழிசை சிட்கோவிலும் இருக்கிற கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்பவர்கள், அல்லது அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாடும் சாமானும் விற்பவர்கள். எஸ்டேட்டில் ஒரு ஷிப்ட் குறைந்தால் மறுநாளே இங்கே இட்லி மாவு மிஞ்சும்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 அமலானது. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. 21 நாள் என்றார்கள். முதல் சில நாட்கள் என்னை யாரும் தேடவில்லை. ஏப்ரல் பிறந்து சம்பளம் போட வேண்டிய நேரம் வந்ததும் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. அரசாங்கம் என்ன தரும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. "கையில இருக்கிறத யாருக்கு மொதல்ல குடுக்கிறது?" இதைத்தான் கேட்டார்கள்.

போனிலேயே ஒரு வேலை கொடுத்தேன். ஒரு தாளை எடுங்கள், நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் வர வேண்டியது, வலது பக்கம் தர வேண்டியது. பெயர், தொகை, தேதி. தேதி தெரியாதென்றால் உத்தேசமாகவாவது. இருபது வருஷமாகத் தொழில் செய்பவர்கள்கூட இப்படி ஒரே தாளில் எழுதிப் பார்த்ததில்லை. தலைக்குள் இருந்த கணக்கும் தாளில் இறங்கிய கணக்கும் ஒருவருக்கும் ஒத்துவரவில்லை. பெரும்பாலும் வர வேண்டியதைக் கூட்டியும் தர வேண்டியதைக் குறைத்தும்தான் மனசு வைத்திருக்கும்.

தர வேண்டியவர்களில் முதலாவதாக எல்லோருமே பேங்கைத்தான் வைத்திருந்தார்கள். நோட்டீஸ் அனுப்புகிறவன் மேல்தானே பயம் அதிகம். நான் அதைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னேன். முதலில் வேலையாட்களுக்கு அரைச் சம்பளமாவது, அடுத்தது இரும்பு, துணி, பருப்பு கொடுக்கிற கடைக்காரருக்கு ஒரு பகுதி, பிறகு கரண்ட் பில், பிறகு வாடகை, கடைசியில் பேங்க். பேங்கைப் பொறுத்திருக்கச் சொல்ல ரிசர்வ் வங்கி இருக்கிறது. மார்ச் 27-ஆம் தேதியே மார்ச், ஏப்ரல், மே தவணைகளைத் தள்ளிவைக்க வழி விட்டுவிட்டது. இரும்புக் கடைக்காரரைப் பொறுத்திருக்கச் சொல்ல யாரும் இல்லை. பட்டறை திரும்பத் திறக்கும் நாளில் அவர் கடனுக்குச் சரக்குப் போடவில்லையென்றால் மெஷின் இருந்தும் பயனில்லை.

மொரட்டோரியம் என்ற அந்தத் தள்ளிவைப்பை வாடிக்கையாளர்களில் பலர் தள்ளுபடி என்றே புரிந்துகொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. 5 லட்சம் பாக்கி, 12 சதவீத வட்டி, மாதம் 15,000 தவணை என்று வைத்துக்கொள்வோம். பின்னால் ஆகஸ்ட் வரைக்கும் நீட்டியபடி ஆறு மாதமும் கட்டாமல் இருந்தால் வட்டி சேர்ந்து பாக்கி 5,30,760 ஆகிவிடும். 41 தவணையில் முடிய வேண்டிய கடன் 44 தவணைக்குப் போகும். அந்த ஆறு மாதத்துக்கு விலை மூன்று தவணை. "அதுக்குப் பேரு தள்ளிவைக்கிறதா தம்பி?" என்று கேட்டார் லேத்காரர் ஒருவர். ஆனாலும் அவரை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கையில் ரொக்கம் இல்லாத ஏப்ரலில் அந்த 15,000-க்கு இருந்த மதிப்பு வேறு. பணம் வைத்திருந்தவர்களைக் கட்டச் சொன்னேன். ஒரே தெருவில் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகச் சொன்னதில் சிலருக்கு என்மேல் சந்தேகம்.

அந்த வட்டிக்கு வட்டி விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அக்டோபரில் மத்திய அரசு 2 கோடி வரையுள்ள கடன்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தானே தருவதாக அறிவித்தது. தொலைக்காட்சியில் செய்தி ஓடிய நாட்களில் இங்கே பெரிய எதிர்பார்ப்பு. மேலே சொன்ன கணக்கில் வந்து சேரக்கூடியது 760 ரூபாய்.

மே 13-ஆம் தேதி நிதியமைச்சர் அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம்தான் இந்தப் பக்கத்துச் சிறு தொழில்களுக்கு உருப்படியாக வந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் எவ்வளவு கடன் பாக்கியோ அதில் 20 சதவீதம் புதிதாகக் கடன். புதிய அடமானம் வேண்டாம், அரசே முழு உத்தரவாதம். வங்கியென்றால் வட்டி 9.25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு வருஷம் வட்டி மட்டும், அடுத்த மூன்று வருஷத்தில் அசல். இதைவிட மலிவாக இந்தத் தெருவில் யாரும் பணம் பார்த்ததில்லை.

ஆனால் அந்த 20 சதவீதம் எதன்மேல் என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ள கடன்மேல். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டறைகள். ஒருவர் 8 லட்சம் லோனில் மெஷின் வாங்கியவர். அவருக்கு 1,60,000 ரூபாய், கிட்டத்தட்ட பேங்கே கூப்பிட்டுக் கொடுத்தது. இன்னொருவர் சீட்டுப் பிடித்து, மனை விற்று, ரொக்கமாகவே மெஷின் போட்டவர். "கடன் இல்லாத மனுஷன்" என்று ஊரில் பேர். அவருக்குச் சைபர். பிப்ரவரி 29 அன்று அவர் எந்த வங்கிக்கும் எதுவும் தர வேண்டியிருக்கவில்லை, ஆகவே அந்தத் திட்டத்தின் கண்ணுக்கு அவர் இல்லவே இல்லை. கடன் வாங்காமல் தொழில் செய்வது நல்லது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவருக்கு இதை விளக்குவது எனக்குக் கூச்சமாக இருந்தது.

பி.எஃப். சலுகையும் அப்படித்தான். 100 பேருக்குள் வேலை செய்யும் இடம், அதில் 90 சதவீதம் பேர் 15,000-க்குக் கீழே சம்பளம் என்றால், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தொழிலாளியின் 12, முதலாளியின் 12 இரண்டையும் அரசே கட்டியது. நல்ல உதவி. ஆனால் 20 பேருக்குக் குறைந்த பட்டறைகள் பி.எஃப். பக்கமே போனதில்லை. எட்டுப் பேர் வைத்திருப்பவருக்கு அது செய்தித்தாளில் படிக்கிற விஷயம் மட்டும். வண்டிக்கடைக்காரர்களுக்கு ஜூன் மாதம் 10,000 ரூபாய்க் கடன் திட்டம் வந்தபோதும் முதல் கேள்வி, மார்ச் 24-க்கு முன்னால் கடை போட்டதற்கு என்ன ஆதாரம் என்பதுதான். பஜ்ஜிக் கடைக்கு என்ன ஆதாரம் இருக்கும்?

காகிதம் இருந்த பக்கமாகத்தான் பணம் ஓடியது என்பதை அந்த ஜூன் மாதத்துக்குள் தெளிவாகப் பார்த்துவிட்டேன். அதன் பிறகு என் வேலை பாதி, ஆட்களைக் காகிதத்தில் கொண்டுவருவது. ஜூலை 1-லிருந்து சிறு தொழில்களுக்கு உத்யம் பதிவு வந்தது. ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. இதற்கும் ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்கிய புரோக்கர்கள் பூந்தமல்லியில் இருந்தார்கள். விற்பனையே இல்லாத மாதத்திலும் ரிட்டர்ன் போட வைத்தேன். ஜூன் 8-லிருந்து சைபர் ரிட்டர்னை 14409-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பியே முடித்துவிடலாம் என்றானது. நாம் விட்டுவிட்டால் நமக்கு ஜாப் கொடுக்கிற கம்பெனிக்கு அதன் வரிக் கழிவு வராது, அதைக் காட்டி நம் பில்லை நிறுத்தி வைப்பார்கள். அப்படியும் பதிவு ரத்தாகும் வரைக்கும் போனவர்கள் உண்டு. 2021 மே கடைசியில் தாமதக் கட்டணத்தைச் சைபர் ரிட்டர்னுக்கு 500, மற்றவற்றுக்கு 1,000 என்று மட்டுப்படுத்தினார்கள். பழைய ரிட்டர்ன்களை அந்த ஆகஸ்டுக்குள் மொத்தமாகப் போட்டு முடித்தோம்.

எல்லைக் குழப்பம் ஒன்றையும் சொல்ல வேண்டும், வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பாரிவாக்கம் வருவாய்க் கணக்கில் திருவள்ளூர் மாவட்டம், பூந்தமல்லி வட்டம். போலீஸ் கணக்கில் அப்போது சென்னை. ஜாப் கொடுக்கிற அம்பத்தூரோ மாநகராட்சி. மே 25-ஆம் தேதி அம்பத்தூர், கிண்டி உள்ளிட்ட எஸ்டேட்டுகளை 25 சதவீத ஆட்களோடு திறக்க விட்டபோது உத்தரவு மாநகராட்சி எல்லையைச் சொன்னது. ஜூன் 19-லிருந்து மறுபடி முழு அடைப்பு என்றபோது போலீஸ் எல்லையைச் சொன்னது. ஒவ்வொரு உத்தரவையும் வாட்ஸ்அப்பில் வாங்கி, எந்த எல்லை என்று பார்த்துச் சொல்வது தனி வேலையாகிவிட்டது. அம்பத்தூரில் கால் பங்கு ஆட்கள் வந்தார்கள் என்றால், அங்கிருந்து வரும் ஜாப் அதிலும் கால் பங்கு.

இனி வர வேண்டிய பக்கம். உண்மையில் இங்கேதான் பல தொழில்கள் பிழைத்தன, அல்லது போயின. வியாபாரம் நின்றதால் செத்ததைவிட, ஜனவரியிலும் பிப்ரவரியிலும் செய்து முடித்த வேலைக்குப் பணம் வராமல் திணறியதுதான் அதிகம். லேத்காரருக்கு ஒரு கம்பெனி மட்டும் நாலரை லட்சம் தர வேண்டியிருந்தது. கேட்டால், கையெழுத்துப் போடுகிற சார் ஆபீஸ் வரவில்லை, செக் புக் லாக்கரில் இருக்கிறது, சிஸ்டம் ஓப்பன் ஆகவில்லை.

சட்டம் நம் பக்கம்தான். 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2020 மே கடைசிக் கணக்கில் அது 12.75 சதவீதம். சமாதான் என்ற அரசு இணையதளத்தில் புகார் போட்டால் மாநிலக் கவுன்சில் விசாரிக்கும். இதையெல்லாம் சொல்லி முடித்ததும் லேத்காரர் சிரித்தார். "புகார் குடுத்தா பணம் வரும் தம்பி. அதுக்கப்புறம் ஜாப் வராதே?" அவர் ஜாப்பில் முக்கால்வாசி அந்த ஒரே கம்பெனி. சட்டம் எழுதியவர்கள் இந்தக் கேள்வியை யோசித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே வேறு வழியில் போனோம். பர்ச்சேஸ் மேனேஜரைக் கூப்பிடுவதை நிறுத்தினோம். அவருக்குச் சரக்கு வேண்டும், பணம் அவர் கையில் இல்லை. அக்கவுண்ட்ஸில் பில் என்ட்ரி போடுகிற பையனைப் பிடித்தோம். நம் புத்தகத்தில் உள்ளதையும் அவர்கள் புத்தகத்தில் உள்ளதையும் வரிசை வரிசையாக ஒத்துப்பார்த்ததில் மூன்று பில் அவர்களிடம் ஏறவே இல்லை. கேட்டில் செக்யூரிட்டி சீல் போட்ட டெலிவரி சலான் நகல் நம்மிடம் இருந்ததால் அவை ஏறின. பிறகு முழுத் தொகையைக் கேட்காமல், "வாரம் 40,000 போடுங்க சார், ஆளுங்களுக்குச் சம்பளம் குடுக்கணும்" என்று மெயிலில் எழுதினோம். போனில் சொல்வது காற்றோடு போகும். மெயில் அவர்கள் ஆடிட்டர் கண்ணிலும் படும். வட்டியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, ஆனால் உத்யம் எண்ணை பில்லின் தலையில் பெரிதாக அச்சடித்தோம். புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்தது. ஆகஸ்டுக்குள் பெரும்பகுதி வந்துவிட்டது. எல்லோருக்கும் இது பலிக்கவில்லை. சலான் நகலைத் தூக்கிப் போட்டுவிட்டவர்களுக்குக் கடைசிவரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

வங்கியும் வராமல், பாக்கியும் வராமல் நின்றவர்களைத் தாங்கியது வீட்டு நகைதான். எந்தத் திட்ட அறிவிப்பிலும் இதைச் சொல்ல மாட்டார்கள். 2020 ஆகஸ்டில் சென்னையில் சவரன் 43,000-ஐத் தாண்டியது. அதே வாரம் ரிசர்வ் வங்கி, வங்கிகளில் நகைக்கடனை மதிப்பில் 75 சதவீதத்திலிருந்து 90 வரை தரலாம் என்றது. ரொக்கமாகவே வாழ்ந்த அந்தப் பட்டறைக்காரரின் வீட்டம்மா எட்டுச் சவரனைக் கொண்டுவந்து வைத்தார். 90 சதவீதமும் எடுக்கலாம் என்று பேங்கில் சொன்னார்கள். 60-க்கு மேல் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். விலை உச்சியில் இருக்கும்போது முழுக்க எடுத்தால் இறங்கும்போது யார் ஈடுகட்டுவது? 2021 மார்ச்சில் சவரன் 34,000 அளவுக்கு இறங்கியது. முழுக்க எடுத்திருந்தவர்களுக்கு வித்தியாசத்தைக் கட்டச் சொல்லிப் போன் வந்தது. அந்த அம்மாவின் வளையல் தப்பியது.

தொழிலை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அப்போது எல்லா இடத்திலும் அறிவுரை. மாற்றியவர்கள் கதை கலவையானது. கோயம்பேட்டில் தொற்று பரவி மே 5-ஆம் தேதி சந்தையை மூடி, அடுத்த வாரமே திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறந்தார்கள். சுமார் 200 மொத்தக் கடைகள், இரவெல்லாம் லாரி, ஒரு மழைக்கே முழங்கால் சேறு. பாரிவாக்கத்திலிருந்து கூப்பிடு தூரம். கம்பெனி லோடு நின்றுபோன டாடா ஏஸ் தம்பி ஒருவர் அங்கே காய் ஏற்றி அயப்பாக்கம், திருவேற்காடு அடுக்குமாடிகளில் விற்க ஆரம்பித்தார். வாட்ஸ்அப்பில் ஆர்டர், ஜிபேயில் பணம். ஓட்டுநராக இருந்தவர் இரண்டு மாதத்தில் வியாபாரியாகிவிட்டார். ஜூலையில் வந்து, "இன்னொரு வண்டி எடுக்கலாம்ணே, ஃபைனான்ஸ் குடுக்கிறான்" என்றார். சந்தை திரும்பக் கோயம்பேட்டுக்குப் போகும் நாளில் இந்த வண்டி என்ன செய்யும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் முறைத்துக்கொண்டு போனார். செப்டம்பர் 28-ஆம் தேதி சந்தை கோயம்பேட்டுக்குத் திரும்பியது. ஒரு வண்டியோடு இருந்ததால் அவர் பழைய லோடுக்குத் திரும்ப முடிந்தது. நாலு அடுக்குமாடிகளுக்குச் சனி, ஞாயிறு காய் போடுவதை மட்டும் விடவில்லை.

பள்ளிச் சீருடை தைக்கிற அக்காவுக்கு அப்படி வாய்க்கவில்லை. வருஷம் முழுக்கச் சாப்பாடு ஏப்ரல், மே, ஜூன் தையலில்தான். அவர் இரண்டு ஜூன்களை இழந்தார். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பரில். நடுவில் மாஸ்க் தைத்தார். முதல் மாதம் நல்ல காசு. தையல் மெஷின் வைத்திருந்த அத்தனை பேரும் மாஸ்க் தைக்கத் தொடங்கியதும் நூல் காசுகூட நிற்காத விலைக்கு வந்தது. கிடைத்த லாபத்தில் மாஸ்க் துணி வாங்கிக் குவிக்க இருந்தவரைத் தடுத்து, நைட்டிக்குத் துணி எடுக்கச் சொன்னேன். ஊரே வீட்டுக்குள் இருந்த வருஷத்தில் நைட்டி நின்று விற்றது.

சிலரை மூடச் சொன்னேன். கம்பெனிகளுக்கு கேன்டீன் எடுத்து நடத்தியவர் ஒருவர். கால்வாசி ஆட்கள், அவர்களும் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு மாதமும் நஷ்டம் எவ்வளவு என்று தாளிலேயே தெரிந்தது. "பாத்திரம் விலை போகும்போதே வித்துடுங்க, அட்வான்ஸைக் கழிக்கவிடாம திருப்பி வாங்குங்க" என்றேன். அவர் மனைவி என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. கேன்டீனை இழுத்துப் பிடித்து நடத்தி, மீட்டர் வட்டிக்கு வாங்கி, வீட்டையும் இழந்த இன்னொருவரைப் பார்த்த பிறகுதான் பேசினார். தொழிலைக் காப்பாற்றுவதும் குடும்பத்தைக் காப்பாற்றுவதும் எல்லா நேரமும் ஒன்றாக அமைவதில்லை. அவசியப்பட்டால் முதலாவதை விட்டுவிடச் சொல்லவும் கணக்குக்காரனுக்குத் தைரியம் வேண்டும்.

2021 இரண்டாவது அலை வேறு மாதிரி வந்தது. ஏப்ரல் கடைசியில் தொழிற்சாலைகளுக்கு ஆக்சிஜன் நின்றது; எல்லாம் ஆஸ்பத்திரிக்கு. கேஸ் கட்டிங் செய்கிற ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகள் ஊரடங்குக்கு முன்பே படுத்துவிட்டன. யாரும் முணுமுணுக்கவில்லை. காலி சிலிண்டர் வைத்திருந்தவர்கள் அவர்களாகவே கொடுத்தார்கள். போன வருஷத்து அவசரக் கடனுக்கு அசல் கட்ட வேண்டிய காலம் அதே நேரத்தில் நெருங்கியது. மே மாதம் அதைத் திருத்தி, தகுதியானவர்களுக்கு ஐந்து வருஷமாக நீட்டினார்கள். முதல் இரண்டு வருஷம் வட்டி மட்டும். இந்த முறை எனக்கு விளக்கும் வேலை குறைவு. தாளும் கோடும் அவர்களே போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அந்தக் காகிதங்களுக்குப் பின்னாளிலும் வேலை வந்தது. வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் ஒரு புதிய உட்பிரிவு, 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து. சிறு தொழிலுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தராவிட்டால், வாங்கிய கம்பெனி அதைத் தன் செலவாகக் காட்ட முடியாது, கட்டிய வருஷத்தில்தான் காட்டலாம். 2024 பிப்ரவரியில் அதே கம்பெனியின் அக்கவுண்ட்ஸிலிருந்தே லேத்காரருக்குப் போன்: உத்யம் சர்டிபிகேட்டை உடனே அனுப்புங்கள். "மாட்டிக்குனாங்களா தம்பி?" என்று சந்தோஷமாகக் கேட்டார். அவ்வளவு சந்தோஷம் வேண்டாம் என்றேன். இந்தத் தொல்லையே வேண்டாமென்று பதிவு இல்லாத பட்டறைக்கு ஜாப்பை மாற்றுகிற கம்பெனிகளும் இருக்கின்றன. மார்ச் 31-க்குள் பழைய பாக்கி முழுக்க வந்தது. ஏப்ரல் ஜாப் கொஞ்சம் குறைந்தது, மே மாதம் சரியானது.

மளிகைக் கடைக்காரர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, தன்னுடைய உத்யம் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு வந்தார், மொத்தமாகச் சாமான் வாங்கும் ஒரு ஹாஸ்டலிடம் காட்ட. வியாபாரிகளுக்கு அந்தப் பதிவு 2021 ஜூலையிலிருந்து உண்டு, ஆனால் வங்கிக் கடனில் முன்னுரிமைக்கு மட்டும்; பாக்கி வசூலுக்கு உதவாது என்று சொன்னேன். "அப்ப ஹாஸ்டல்காரன் கிட்ட எப்படி வாங்குறது?" என்றார். டெலிவரி சலானில் கையெழுத்து வாங்குகிறீர்களா என்று கேட்டேன். இல்லையாம்.